ஞானிக்கு எஃப்.சி.

ஏற்காட்டில் வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறவர் வருடத்துக்கு ஒரு முறை வண்டியைச் சேலத்துக்கு இறக்கி எஃப்.சி. எடுத்தாக வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா, ஹாரன் கத்துகிறதா, புகை எவ்வளவு என்றெல்லாம் பார்த்து, இந்த வண்டி ஓடத் தகுதியானது என்று எழுதிக் கொடுப்பார்கள். மனிதர்கள் ஏறுகிற வண்டி, நியாயம்தான். ஆனால் செத்துப்போய் இரண்டு வருடமான ஒரு ஞானிக்கும் எஃப்.சி. எடுக்கலாம் என்பது எனக்குப் போன ஐப்பசியில்தான் தெரிந்தது. அந்த வேலைக்கு நானே ஒரு மனு, ஒரு வாக்குமூலம், ஒரு திருத்திய வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் ரைட்டராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு தாலுகா ஆபீசுக்கு எதிரே மடக்கு மேஜை போட்டு, எழுத வராதவர்களுக்கும், எழுத வந்தும் பயப்படுகிறவர்களுக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா கேட்டு, ரேஷன் கார்டு கேட்டு, காட்டெருமை வேலியைச் சாய்த்ததற்கு நிவாரணம் கேட்டு என்று எழுதாத மனு இல்லை. அப்படிப்பட்ட என் முன்னால் ஒருநாள் அங்கப்பன் வந்து குந்தி உட்கார்ந்தார்.

“ஏனுங்க ரைட்டரே, சத்தமே வராம ஜீப்பு ஓட்ட முடியுங்களா?” என்றார்.

மஞ்சக்குட்டையிலிருந்து குண்டுக்காட்டுக்குப் போகிற ஒரே ஜீப் அங்கப்பனுடையது. மலைக்காரர், ஐம்பத்தெட்டு வயது, கொஞ்சம் மிளகும் காப்பியும் உண்டு. அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. எஃப்.சி.க்குப் போன இடத்தில் யாரும் கேட்காமலே, “ஹேண்ட் பிரேக்கு நிக்காதுங்க, டயருக்குக் கல்லுதான் வெப்பேன்” என்று சொல்லிவிட்டு இரண்டு முறை வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தவர். மூன்றாம் முறை ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்துகொண்டு போய்ச் சீட்டு வாங்கினார். மலை ஏறியதும் அது பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டது, கல் மறுபடி பின்சீட்டுக்கு அடியில் ஏறிக்கொண்டது.

விஷயம் இதுதான். குண்டுக்காட்டில் முப்பத்திரண்டு வீடுகள். அங்கே போகிற மண் பாதையின் இரண்டு பக்கமும் பனிச்சுடர் ஞான சபைக்குச் சொந்தம். பாதை சபைக்குச் சொந்தமில்லை, ஆனால் சபைக்குக் கேட் போடத் தெரியும். புரட்டாசியில் இரும்புக் கேட் வந்தது. அதன் மேல் ‘மௌன வளாகம். இயந்திர ஒலிக்கு அனுமதி இல்லை’ என்று பலகை வந்தது. பலகைக்கு லைட் எரிய வேண்டுமே என்று பக்கத்திலேயே ஒரு ஜெனரேட்டரும் வந்து நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. காவலுக்குச் சமவெளியிலிருந்து பழனிசாமி என்பவரைக் கொண்டுவந்து, அவருக்கு ஒரு விசிலும் கொடுத்து, அதை ஊதக் கூடாது என்று ஒரு சர்க்குலரும் கொடுத்தார்கள்.

“என்ற புள்ள சிவரஞ்சனிக்கு ஏழு மாசம்ங்க. மொதப் பேறு. ஊட்டுக்குக் கூட்டியாந்து வெச்சிருக்கறோம்” என்றார் அங்கப்பன். “ரத்தம் கம்மியா இருக்குது, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து காட்டோணும்னு டாக்டரம்மா சொல்லுது. வண்டிய உள்ள உடமாட்டீங்கறாங்க. மூணு மைலு மேட்டுல அது எப்படிங்க நடக்கும்? வலி வந்துருச்சுன்னா நான் என்னங்க பண்றது?”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மார்கழிக்குள் அந்தக் கேட் திறக்க வேண்டும்.

சபையின் நிறுவனரைப் பனிச்சுடர் பெருமான் என்பார்கள். அதற்கு முன்னால் அவர் ஆத்தூரிலிருந்து கிணற்று மோட்டார் விற்க மலை ஏறிய சுப்பிரமணி. இருபத்துநான்கு வருடத்துக்கு முன் குண்டுக்காட்டுப் பாதையில் ஒரு வளைவில் அவருக்கு ஞானம் கிடைத்தது என்பது சபையின் வரலாறு. மோட்டார் வியாபாரத்தை அதோடு விட்டுவிட்டார் என்பது உண்மை. உயிரோடு இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லாத மனிதர். ஓட்டு வீட்டில் இருந்தார், வந்தவர்களுக்குத் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார், டவுனுக்கு வர வேண்டுமானால் அங்கப்பனின் ஜீப்பில் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். கேட் என்ற பேச்சே அப்போது கிடையாது. அவர் போன பிறகு கமிட்டி வந்தது, கமிட்டிக்குப் பின்னால் கேட் வந்தது.

சபைக்கு மனு எழுதினேன். கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று ‘பெருமான் ஞானம் பெற்ற நாளில் அவரையே ஏற்றி வந்த ஜீப்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த வரிதான் வினையாயிற்று. பத்து நாளில் பதில் வந்தது. கேட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

‘பெருமான் ஞானம் அடைந்த தருணத்தில் தாங்கள் உடனிருந்ததாகத் தெரிய வருவதால், ஞானத் தகுதி நிர்ணயக் குழுவின் முன் சாட்சியாக ஆஜராகவும். வரும்போது அடையாள அட்டையின் நகலும் மன அமைதியும் கொண்டுவரவும்.’

“நகலு எடுத்துட்டேனுங்க. இன்னொண்ணு எங்க கெடைக்கும்?” என்று கேட்டார் அங்கப்பன். நானும் துணைக்குப் போனேன்.

குழு கூடியது கண்ணாடி மண்டபத்தில். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பாறை, அதற்குப் பட்டு, அதற்கு ஏ.சி. பெருமான் ஞானம் பெற்ற ஆசனம் என்று எழுதியிருந்தது. மூன்று நாற்காலிகளில் மூன்று பேர் இருந்தார்கள். செயலாளர் விஜயகுமார், பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் காயத்ரி, ஞானம் பெற்றதும் பெருமான் பேசிய முதல் வாக்கியத்தைப் பற்றி அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆராய்ந்தவர். மூன்றாமவர் ரொனால்ட், தரச் சான்று தருகிற ஆடிட்டர். அதற்கு முந்தின வாரம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கும் ஒரு மாட்டுத்தீவன மில்லுக்கும் சான்று கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

விஜயகுமார் எழுந்து பேசினார்.

“பெருமான் ஞானி என்பதில் எங்களுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனால் அகில உலக ஞானியர் கூட்டமைப்பின் மாநாட்டில் போன வருடம் என்ன நடந்தது? சான்று பெற்ற ஞானிகளின் படங்கள் எல்லாம் மேடையில். நம் பெருமானின் படம் கை கழுவுகிற இடத்தில், தண்ணீர் கேனுக்கு மேலே! மூன்று நாள் நான் தூங்கவில்லை. பெருமானோ மான அவமானம் கடந்தவர். ஆகவே அவருக்குப் பதிலாக அந்த அவமானத்தை நாங்கள்தான் பட வேண்டியிருக்கிறது. அவர் பாட்டுக்கு ஞானத்தை அடைந்துவிட்டார். ஒரு தேதி, ஒரு சாட்சி, ஒரு கையெழுத்து, எதுவும் வைக்கவில்லை. ஞானிகளிடம் இது ஒரு பொதுவான குறை.”

பிறகு ரொனால்ட் ஒரு படிவத்தை எடுத்தார். ஞானத்துக்கு ஏழு அறிகுறிகள் என்று கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. ஏழுக்கும் நேராகக் கட்டம் போட்டிருந்தது.

“எனக்கு ஞானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிஸ்கட்டைப் பற்றியும் தெரியாது” என்றார் ரொனால்ட். “காகிதத்தில் எழுதியிருப்பது நடந்ததா, நடந்தது எழுதப்பட்டிருக்கிறதா, அவ்வளவுதான் என் வேலை. சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் அவருக்கு உணவில் பற்று இருந்ததா?”

“இல்லீங்க. சோத்தைக் கண்ணுல காட்டாதேன்னாரு.”

விஜயகுமார் காயத்ரியைப் பார்த்தார். காயத்ரி கண்ணை மூடித் திறந்தார். ரொனால்ட் முதல் கட்டத்தில் டிக் போட்டார்.

“உடல் உணர்வு?”

“கையி காலெல்லாம் ஜில்லுனு போயிருச்சுங்க. தொட்டாலும் தெரியல அவருக்கு.”

“கண்கள்?”

“பாதி மூடியிருந்துச்சுங்க.”

“தலைக்குப் பின்னால் ஒளி?”

“மஞ்சளா இருந்துச்சுங்க.”

செயலாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அங்கப்பன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற மனிதரா அவர்?

“என்ற ஜீப்பு லைட்டுங்க அது. நொம்பப் பனி. பள்ளத்துப் பக்கம் போயிருவாருன்னு லைட்டுக்கு முன்னால உக்கார வெச்சேன். வளைவுல வர வர வாந்தி எடுத்தாருங்க. கீழ இருந்து வர்றவங்க நெறையப் பேரு எடுப்பாங்க. அந்த எடத்துல நான் எப்பவும் நிறுத்துவேன். எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில குடுத்து, பேசாதீங்க, பள்ளத்தைப் பாக்காதீங்க, கண்ண மூடி மூச்ச இழுங்கன்னு சொல்லுவேன். அவரும் அப்படித்தான் உக்காந்திருந்தாருங்க. ஒரு இருவது நிமிசம்.”

நான் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

“எழுந்ததும் என்ன சொன்னார்?” என்றார் காயத்ரி. அவருடைய ஆராய்ச்சிப்படி பெருமானின் முதல் வாக்கியம், ‘அலை அடங்கியது, கடல் தெரிகிறது.’

“இன்னும் எத்தன வளைவு இருக்குதுன்னு கேட்டாருங்க.”

“நீங்கள்?”

“மூணுன்னு சொன்னேனுங்க.”

காயத்ரி மேஜையைப் பிடித்துக்கொண்டார். “மூன்று! ஆணவம், கன்மம், மாயை! செயலாளர் ஐயா, நான் பன்னிரண்டு வருடம் தப்பான வாக்கியத்தை ஆராய்ந்திருக்கிறேன். எத்தனை பெரிய பாக்கியம்!” என்றார். கண்களில் நீர் வழிந்தது.

“அதுக்கப்புறம் ஒண்ணு அகலப்படுத்திட்டாங்க. இப்ப ரெண்டுதானுங்க” என்றார் அங்கப்பன். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

செயலாளர் எங்களைத் தனியே அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார். வாந்தி என்கிற சொல் வேண்டாம் என்றார். ஜீப் லைட் வேண்டவே வேண்டாம் என்றார். “சாட்சி தெளிவாக அமைந்து சான்று வந்துவிட்டால், உங்கள் கேட் விஷயத்தைப் பரிவுடன் பரிசீலிப்போம்” என்றார். பரிவுடன் பரிசீலிப்பதன் அர்த்தம் மனு எழுதுகிற எனக்குத் தெரியும். அங்கப்பனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. புள்ளைக்கு வழி கிடைத்தால் சரி, எப்படியோ எழுதுங்க என்று என்னைப் பார்த்தார். ‘பெருமான் தம்முள் இருந்த அனைத்தையும் அவ்விடத்தில் துறந்தார். அவருக்குப் பின்னே பொன்னொளி பரவியது’ என்று திருத்திய வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பது என் தொழிலுக்குக் கிடைத்த பெருமை.

ரொனால்ட் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஒரே சாட்சி, ஒரே தடவை. ஒரு பிஸ்கட்டுக்குக்கூட நான் மூன்று மாதிரி எடுப்பேன். அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே பாதை, அதே பனி. மறுபடி செய்து காட்டுங்கள். மூன்று பேருக்கும் அதே விளைவு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.”

“மூன்று பேர் என்றால்?” என்றார் செயலாளர்.

“நாம் மூன்று பேர் இருக்கிறோமே.”

பனிக்காக ஆறு நாள் காத்திருந்தோம். ஏழாம் நாள் பத்தடிக்கு மேல் கண் தெரியாத பனி. அதே பாதையில் கேட்டிலிருந்து வளைவு அரை மைல்தான். அத்தனை கிட்டத்தில் எதுவும் நடக்காது என்று ரொனால்ட் சொல்லிவிட்டதால், பெருமான் வந்தபடியே சேலத்து அடிவாரத்திலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. மூவரும் அடிவாரத்து ஹோட்டலில் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்டார்கள். குறைத்துச் சாப்பிடும்படி அங்கப்பன் சொல்லிப் பார்த்தார். சோதனையை முன்கூட்டி மாற்றக் கூடாது என்று ரொனால்ட் இன்னொரு வடை வாங்கினார்.

பாதி மலைக்கு மேல் செயலாளர் பேச்சை நிறுத்தினார். அதுவே பெரிய அதிசயம். ஏற்காடு தாண்டி, மஞ்சக்குட்டை தாண்டி, கேட்டில் பழனிசாமி சல்யூட் அடித்து அனுப்ப, மண் பாதையில் வண்டி குலுங்கத் தொடங்கியதும் காயத்ரி என் தோளைப் பிடித்து, “நிறுத்தச் சொல்லுங்கள்” என்றார். அங்கப்பன் எப்போதும் நிறுத்துகிற அதே இடத்தில்தான், டயரை மண்மேட்டில் முட்டவிட்டு நிறுத்தினார். மூவரும் மூன்று திசையில் இறங்கி, அடிவாரத்தில் பெற்ற அனைத்தையும் துறந்தார்கள்.

அங்கப்பன் பின்சீட்டுக்கு அடியிலிருந்து கல்லை இழுத்தார். வழவழவென்று தேய்ந்த சாம்பல் நிறக் கல், பதினோரு கிலோ சொச்சம் இருக்கும். லைட்டுக்கு முன்னால் போட்டு, முதலில் காயத்ரியை உட்கார வைத்தார்.

“ஈரத் தரையில உக்காந்தா அட்டை ஏறிக்கும்ங்க. டயருக்கு வெக்கிற கல்லுதான், சுத்தமா இருக்கும். அன்னிக்குப் பெரியவரும் இதுலதான் உக்காந்தாரு.”

செயலாளர் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்து மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தலையை மட்டும் திருப்பினார். “என்னது? அப்படியென்றால் மண்டபத்துப் பாறை?”

“அதுலயா? ஆளு ஒசரம் இருக்குதே, அதுல எப்படிங்க ஏறி உக்கார முடியும்? வாந்தி வர்றவரு பாறை ஏறுவாருங்களா?”

செயலாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில் வரவில்லை, மிச்சமிருந்த பொங்கல் வந்தது.

ஒருவர் பின் ஒருவராக அந்தக் கல்லில் உட்கார்ந்தார்கள். கையில் எலுமிச்சம்பழம், பாதி மூடிய கண், பின்னால் மஞ்சள் ஒளி. சாப்பாட்டுப் பேச்சை எடுத்தபோது மூவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கோபத்தைச் சோதிக்க வேண்டுமே என்று நான் செயலாளரிடம், “உங்கள் கமிட்டி ஒரு தண்டக் கமிட்டி” என்று சொல்லிப் பார்த்தேன். “ஆமாம்” என்றார் மெதுவாக. அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கடைசியாக உட்கார்ந்த ரொனால்ட் தன் கட்டங்களுக்குத் தானே டிக் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, அங்கப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இன்னும் எத்தனை வளைவு இருக்கிறது?”

மற்ற இருவரும் ஏற்கெனவே அதையேதான் கேட்டிருந்தார்கள்.

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. ஏழு அறிகுறிகளும் மூன்று மாதிரிகளிலும் முழுமையாக உறுதிசெய்யப்பட்டன, ஆகவே பனிச்சுடர் பெருமான் ஞானம் பெற்றவர் என்று சான்றளிக்கப்படுகிறது என்று முதல் பக்கம். உடன் ஞானம் பெற்ற மூவரில் இருவர் அதைச் சபையின் பணி விதிகளின்படி பயன்படுத்திக்கொள்ளலாம், மூன்றாமவர் ஆடிட்டர் என்பதால் நடுநிலை கருதித் தம் ஞானத்தைக் கைவிடுகிறார் என்று இரண்டாம் பக்கம்.

செயலாளர் அன்றே எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மண்டபத்தில் கரும்பாறையின் பட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கல்லைக் கொடுத்துவிட்டுப் போங்கள்” என்றார். “இனி அது சபையின் ஆசனம். இன்னொன்று. அந்த வளைவில் இனி எந்த வண்டியும் நிற்கக் கூடாது. கண்டவர்களும் வாந்தியெடுத்து உட்கார்ந்து எழுந்தால் கதி என்ன? எங்களிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு வருடம் பெருக்கித் துடைக்கிறார்கள். நீர் ஒரு எலுமிச்சம்பழத்தில் முடித்துவிடுகிறீர். ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா? பாதையை நிரந்தரமாக மூடத் தீர்மானம் போடப்போகிறோம்.”

அங்கப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. “கேட்டைத் தொறப்பீங்கன்னு சொன்னீங்களே சாமி. புள்ளைக்கு மாசம் நெருங்கிருச்சுங்க” என்றார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு ஏ.சி.யோடு சேர்த்து அந்த மண்டபத்தையே அடித்து நொறுக்கலாம் போலிருந்தது. ஆனால் மனு எழுதுகிறவனுக்குக் கையில் காகிதம்தான் உண்டு. அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். நல்ல வேளை, ரொனால்ட் நேர்மையான மனிதர்.

‘நிபந்தனை 9: சோதிக்கப்பட்ட செயல்முறையில் எந்த மாற்றம் செய்தாலும் சான்று ரத்தாகும். ஆசனம், ஜீப், ஓட்டுநர், பாதை, எலுமிச்சம்பழம் ஆகியவை இருந்த இடத்தில் இருந்தபடியே, இருந்த பயன்பாட்டிலேயே தொடர வேண்டும்.’

செயலாளர் அதை இரண்டு முறை படித்தார். கல் ஜீப்பில்தான் இருக்க வேண்டும். டயருக்குத்தான் வைக்க வேண்டும். ஜீப் குண்டுக்காட்டுக்குத்தான் ஓட வேண்டும். போதாததற்கு, சபையின் சொந்த விதிப் புத்தகத்தில் பதினான்காம் விதி ஒன்று இருந்தது: பெருமானின் ஆசனம் எழுந்தருளும் வழியில் எந்தக் கதவும் மூடியிருக்கலாகாது, காவலர் காலணி கழற்றி நின்று வணங்க வேண்டும். பாறை எங்கும் எழுந்தருளாது என்கிற தைரியத்தில் எழுதிய விதி அது.

“மாநாடு தை மாதம் வருகிறது இல்லையா? படத்தைத் தண்ணீர் கேனுக்கு மேலேயே வைத்துவிடலாம் என்றால் பாதையை மூடுங்கள்” என்றேன். எனக்கும் கொஞ்சம் வாய் உண்டு.

இரண்டு நாளில் கேட்டில் புதிய சர்க்குலர் ஒட்டினார்கள். ஆசனம் உள்ள வாகனத்துக்கு மட்டும், ஆசனத்தைப் பார்த்து உறுதிசெய்த பின், உரிய மரியாதையுடன் கேட் திறக்கப்படும். அதன்பின் தினமும் நான்கு நடை பழனிசாமி பூட்ஸ் நாடாவை அவிழ்த்து, கல்லைக் கும்பிட்டு, கேட்டைத் திறந்து, அது காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, ஜீப் போன பிறகு அதைக் காலால் தள்ளிவிட்டுக் கேட்டைச் சாத்தி, மறுபடி நாடா கட்டினார். ஒரு வாரத்தில் செருப்புக்கு மாறிவிட்டார். சிவரஞ்சனி பதினைந்து நாளைக்கு ஒருமுறை மகாராணி மாதிரி டாக்டரம்மாவிடம் போய் வந்தாள்.

மார்கழி ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு நான் குண்டுக்காட்டில் இருந்தேன். கரண்ட் கம்பம் கேட்டு ஒரு மனுவுக்கு முப்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கப்பனின் மனைவி கமலா அலறிக்கொண்டு ஓடி வந்தார். சிவரஞ்சனிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஜீப் கிளம்பியது. கல் பின்டயருக்கு அடியிலேயே கிடந்ததையும், டயர் அதன் மேல் ஏறி இறங்கியதையும் அந்தப் பதற்றத்தில் யார் கவனித்தோம்?

கேட்டில் பழனிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் பின்சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“ஆசனத்தைக் காணமுங்களே” என்றார்.

அங்கப்பன் இறங்கிப் பார்த்தார். “ஊட்டுலயே உட்டுட்டனுங்க. டயருக்கு வெச்சது...”

“ஆசனம் இல்லாம தொறக்கக் கூடாதுன்னு சர்க்குலருங்க. பூட்டுச் சாவிய மட்டுந்தான் எங்கிட்டக் குடுத்திருக்கறாங்க, கேமராவுல ஆபீசுல இருந்து எல்லாத்தையும் பாக்கறாங்க. தொறந்தா இன்னிக்கே என்னைய எறக்கி அனுப்பிருவாங்க” என்றார் பழனிசாமி. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவருக்கும் ஊரில் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

“அய்யோ, என்ற கண்ணு! வலி நொம்ப ஆயிருச்சு, ஏதாச்சும் பண்ணுங்க!” என்று கமலா உள்ளிருந்து கதறினார்.

திரும்பிப் போய்க் கல்லை எடுத்து வர நாற்பது நிமிடம் ஆகும். அங்கப்பன் கேட்டைப் பார்த்தார். கேட்டுக்கு முட்டுக் கொடுக்கிற கல் ஓரமாகக் கிடந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்ல வராத மனிதர், அதனால் ஒன்றுமே சொல்லவில்லை. குனிந்து இரண்டு கையாலும் தூக்கி, மகளின் கால்மாட்டில் கொண்டுபோய் வைத்தார்.

பழனிசாமி தினம் எட்டுத் தடவை காலால் தள்ளுகிற கல். அதை நன்றாக உற்றுப் பார்த்தார். கேமராவுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

“ஆசனம் வந்துருச்சுங்க” என்று உரக்கச் சொல்லிக் கேட்டை அகலத் திறந்தார். முட்டுக் கொடுக்கக் கல் இல்லை. முதுகைக் கொடுத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, “போங்க, போங்க, சீக்கிரம் போங்க” என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த விசிலையும் எடுத்து ஒரு ஊது ஊதினார்.

பதினொன்று இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அங்கப்பன் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

தையில் மாநாடு நடந்தது. பெருமானின் படம் மேடையில், முதல் வரிசையில். பங்குனியில் ரொனால்ட் மறு ஆய்வுக்கு வந்தார். ஜீப்பில் இருந்த ஆசனத்தைத் தராசில் வைத்தார்கள். சான்றில் இருந்த எடை பதினோரு கிலோ நானூறு கிராம். தராசு காட்டியது பதினைந்து கிலோ இருநூறு. ரொனால்ட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார், அதேதான்.

‘ஏன் எடை மாறியது?’ என்று அவர் காகிதத்தில் எழுதிக் கேட்டார். குழு மூன்று நாள் கூடியது. அங்கப்பனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாட்சியின் வேலை முடிந்துவிட்டதல்லவா? நாலாம் நாள் காயத்ரி எழுதி, விஜயகுமார் கையெழுத்திட்டு அறிவிப்பு வந்தது: பெருமானின் ஆசனம் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதை எட்டாம் அறிகுறியாகச் சேர்க்கும்படி கூட்டமைப்புக்குப் பரிந்துரை செய்யப்படுகிறது. இனி வருடா வருடம் எடை போடப்படும்.

அந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டு குண்டுக்காட்டுக்குப் போனேன். மார்கழியில் டயருக்கு அடியில் விட்டுப்போன பழைய கல் அங்கப்பன் வீட்டு வாசலில், கவிழ்த்து வைத்த கோழிக் கூடையின் மேல் இருந்தது. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறுத்தி நிறுத்தி முழுவதையும் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் குழந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு ஓடைப் பக்கம் கிடந்த கற்களை ஒருமுறை பார்த்தார்.

“ஏனுங்க ரைட்டரே, அப்ப வர்ற வருசத்துக்கு இன்னுங் கொஞ்சம் பெருசா ஒண்ணு பாத்து வெக்கோணுங்களா?” என்றார்.